சனிக்கிழமைப் பெயர்

குமாசி, கானா
17 நவம்பர் 2024

கர்த்தர் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் என் வாயாடி வர்ஷாவுக்கு,

இங்கே பிள்ளைகள் இல்லத்தின் அலுவலகத்தில் மட்டும்தான் நெட் வரும். அதனால் உட்கார்ந்து அடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பா பக்கத்திலேயே நிற்பதால் நீ எதையும் மனம் விட்டுச் சொல்வதில்லை. இதில் தாராளமாகத் திட்டி எழுது.

பஸ் நிலையத்தில் தனியாகத் திரிந்தாள் என்று போன மாதம் ஒரு சிறுமியைக் கொண்டுவந்தார்கள். ஆறு வயது இருக்கும். வாயே திறக்கவில்லை. நான்தான் ஊட்டிவிடுகிறேன். உன்னிடம் சொல்வதுபோலவே "வாம்மா, சாப்புடும்மா" என்பேன். எழுத்தர் பெயர் கேட்டபோது முதன்முதலாக வாய் திறந்து, "அம்மா" என்றாளே பார்க்கணும்! என் "ம்மா"வைத் தன் பெயர் என்று நினைத்துவிட்டாள். இங்கே சனிக்கிழமை பிறந்த பெண்ணுக்கு அமா என்று பெயர். மனிதர் துளி சந்தேகமில்லாமல் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

சபை என்னை இங்கே ஊழியத்துக்கு அனுப்பிய ஒரு வருடம் முடியப்போகிறது. பிப்ரவரி இருபதாம் தேதிக்கு டிக்கெட். உன் ப்ளஸ் டூ பரீட்சைக்கு முன்னால் வந்துவிடுவேன்.

முத்தங்களுடன்,
அம்மா

மேனாம்பேடு
1 டிசம்பர் 2024

ஊருக்கெல்லாம் அம்மாவாகிவிட்ட என் அம்மாவுக்கு,

நீ கேட்டபடியே திட்டுகிறேன். கீழ் வீட்டுச் சாமுண்டீஸ்வரி ஆன்ட்டி மாடிப்படியில் நிறுத்தி, "இன்னாம்மா, உங்கம்மா ஊரான் புள்ளைங்கள பாத்துக்கினு சொந்தப் புள்ளைய உட்டுட்டாங்களே?" என்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

அப்பா பாடி பக்கம் வேலை முடிந்து வந்து சாம்பார் என்று ஒன்று வைக்கிறார். கேட்டால், "உப்பு தூக்கலாவா கீது? தண்ணி ஊத்திக்கோ" என்கிறார்.

அந்தப் பெண்ணை "ம்மா" என்று கூப்பிடாதே. அது நீ என்னைக் கூப்பிடுவது. கெமிஸ்ட்ரி புத்தகத்தைத் திறந்தாலே பயமாக இருக்கிறது. நீ பாடம் சொல்லித்தர வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். பிப்ரவரி இருபதாம் தேதி கிளம்பி வந்துவிடு.

கோபத்துடன்,
வர்ஷா

குமாசி
9 பிப்ரவரி 2025

என் கண்ணே வர்ஷா,

இதை எழுத இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். அந்தச் சிறுமிக்குப் பேச்சு வந்துவிட்டது. சமையல்காரப் பெண்ணிடம், தன் பெயர் அகோசுவா என்று சொல்லியிருக்கிறாள். அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை பிறந்தவள்.

அதைக் கேட்டதும் எழுத்தரின் முகம் செத்துவிட்டது. ஜனவரியில் டெச்சிமன் என்ற ஊரிலிருந்து அவள் சித்தி தேடிவந்து, அகோசுவா என்று யாராவது இருக்கிறாளா என்று கேட்டாளாம். இவர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, இல்லை என்று அனுப்பிவிட்டார். விலாசம்கூட வாங்கவில்லை.

அன்று நான் சிரிக்காமல், அது அவள் பெயரில்லை, நான் பேசும் பேச்சு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தப்பு என்னுடையதுதான். மார்ச் கடைசியில் அவளை வேறு ஊரில் ஒரு வளர்ப்புக் குடும்பத்திடம் கொடுக்கப்போகிறார்கள். நல்ல மனிதர்கள். ஆனால் பெற்றவளின் தங்கை தேடிக்கொண்டிருக்கும்போது எப்படிக் கொடுப்பது?

டெச்சிமன் சபைகளில் அறிவிப்பு வாசிக்கச் சொல்லியிருக்கிறோம். சித்தி கிடைத்தால், பெயர் எப்படி மாறியது என்று குழந்தைகள் நல அதிகாரியிடம் நான்தான் நேரில் சொல்ல வேண்டும். டிக்கெட்டைத் தள்ளிப்போட்டுவிட்டேன். மன்னித்துவிடு என்று உன்னிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அம்மா

மேனாம்பேடு
3 மார்ச் 2025

அம்மா,

மூன்று ஞாயிறு உன்னோடு பேசவில்லை. வேண்டுமென்றுதான் பேசவில்லை.

நேற்று அப்பா சொன்னார். சித்தி கிடைத்துவிட்டாளாம். விசாரணை பதினெட்டாம் தேதியாம். வர்ஷா ஒரு வார்த்தை சொன்னால் எல்லாவற்றையும் எழுதிக்கொடுத்துவிட்டு அடுத்த வாரமே கிளம்புகிறேன் என்றாயாம். அதிகாரி வெறும் கடிதத்தை ஒத்துக்கொள்வாரா என்று அப்பா கேட்டதற்கு, தெரியவில்லை என்றாயாம்.

இன்று தமிழ்ப் பரீட்சை. எல்லா அம்மாக்களும் பள்ளிக்கூட வாசலில் நின்றார்கள். ஜோதிகாவின் அம்மா, "உங்கம்மா இன்னும் வரலியா?" என்று கேட்டார். உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லப் பார்த்தேன். முடியவில்லை. "ஒரு பொண்ண அவங்க ஊட்ல சேக்கப் போயிருக்காங்க ஆன்ட்டி" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அவர் என் முகத்தைத் துடைத்து உள்ளே அனுப்பினார். பரீட்சை நன்றாகவே எழுதினேன்.

என் கோபம் போகவில்லை. கெமிஸ்ட்ரிக்கு நீ பக்கத்தில் வேண்டும் என்று சொன்னதும் பொய்யில்லை. ஆனால் இப்போது வராதே. அகோசுவாவை அவள் சித்தி கையில் கொடுத்துவிட்டு வா. பாதியில் விட்டுவிட்டு வந்தால்தான் உன்னோடு பேசமாட்டேன்.

உன்,
வர்ஷா