சத்தம் கேட்குதே என்று சொன்னவன் நான்

எத்தாளை,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.

அன்புள்ள மகன் றிஸ்மினுக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அங்கே வெயில் கடுமை என்று லீவில் வந்த சுஹைர் சொன்னான், அல்லாஹ் உன் உடம்பைப் பாதுகாக்க வேண்டும். இங்கே நான், உன் உம்மா, மருமகள் ஸும்றா மூவரும் நேரத்துக்குச் சாப்பிடுகிறோம், படுக்கிறோம், அந்த அளவில் சுகம். உம்மாவுக்குச் சீனி கொஞ்சம் கூடியிருக்கிறது, மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். காற்றுத் தொடங்கிவிட்டதால் களப்பில் சின்னத் தோணிகள் இறங்கவில்லை, ஆனால் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கிற காலம், என் பட்டறையில் ஐந்து பம்புகள் திருத்துவதற்குக் கிடக்கின்றன, இரண்டைத்தான் முடித்திருக்கிறேன். போனில் பேசலாமே, வாப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நான் தொடங்கினால் உம்மா அழுவாள், நீ நடுவில் ஒன்று கேட்பாய், நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறொன்றைச் சொல்லிவிடுவேன். அப்படி இரண்டு தடவை நடந்துவிட்டது. சுஹைர் ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன், அறையில் ஆட்கள் இல்லாத நேரம் வாசி.

நீ கார்கோவில் போட்ட பெட்டியில் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்புக் கேட்கிற அந்தச் சின்ன மெஷின் வந்தபோது ஸும்றாவுக்கு ஐந்து மாதம் முடிந்திருந்தது. தாய் இல்லாத பிள்ளை, மதுரங்குளியில் சாச்சியின் வீட்டில் எத்தனை நாளைக்கு இருப்பாள் என்று நாங்கள்தான் அவளை இங்கே கூட்டி வந்து வைத்திருந்தோம், அது உனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் மஃரிபுக்குப் பிறகு அவள் அறைக்குள் இருந்து ஜெல்லைப் பூசி மெஷினை வைப்பாள், நான் திரைக்கு வெளியே கதிரையில் இருப்பேன், நீ போனில் இருப்பாய். சத்தம் வந்ததும் அவள் இலக்கத்தை உள்ளே இருந்து சொல்வாள், நூற்று நாற்பத்திரண்டு, நூற்று நாற்பத்தாறு என்று. கிராமத்து மிட்வைப் மக்தலேனா மிஸ் அதைப் பார்த்த அன்றே, "இத வெச்சிப் பாத்திட்டு சும்மா இரிக்க வேணாம், புள்ளட ஆட்டம் கொறஞ்சா ஒடன ஆஸ்பத்திரிக்கு வரணும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நாற்பது வருடமாக மோட்டர் திருத்துகிறவன், ஒரு எஞ்சின் ஓடுகிற சத்தத்தைத் தூரத்தில் கேட்டே எதில் பிழை என்று சொல்கிறவன், எனக்கு ஒரு மிஸ் வந்து காதைப் பற்றிச் சொல்லித் தரத் தேவையில்லை என்று நினைத்தேன்.

இனி எழுதுவதுதான் உனக்குத் தெரியாதது. எட்டாம் மாதத்தில் அந்தப் புதன்கிழமை உம்மா சிலாபத்தில் இருந்தாள், அவளுடைய தங்கச்சிக்கு ஒப்பரேஷன். பகல் சோறு பரிமாறும்போதே ஸும்றா, புள்ள இண்டைக்குப் பெரிசா ஆடல்ல மாமா என்றாள். மஃரிபுக்குப் பிறகு மெஷினை வைத்தாள், வழக்கத்தைவிடக் கூட நேரம் தேடித்தான் சத்தம் வந்தது, இலக்கம் தொண்ணூற்றெட்டு. குறைவு என்று எனக்குத் தெரிந்தது. பிள்ளை தூங்குகிறது போல, அதனால் மெதுவாக ஓடுகிறது என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன். வியாழக்கிழமை காலையில் அவள் அபாயாவைப் போட்டுக்கொண்டு, கிளினிக் கார்டையும் கையில் எடுத்துக்கொண்டு பட்டறை வாசலுக்கு வந்தாள். "மாமா, எனக்கு மனசு சரியில்ல, ஆஸ்பத்திரிக்குப் போய் ஒருக்காக் காட்டிட்டு வருவமா" என்று கேட்டாள். அப்போது நான் ஒரு பம்பைப் பிரித்துப் போட்டிருந்தேன், பின்னேரம் தருவதாகச் சொன்ன பம்பு. உள்ளே போய் மெஷினை வைத்துப் பாருங்க மகள் என்றேன். வைத்தாள், நூற்றிரண்டு. "சத்தம் கேட்குதே மகள், என்னத்துக்குப் பயப்படுறீங்க, நாளைக்கு மாமி வந்திடுவா, அவவோட போங்க" என்று சொன்னேன். அவள் அபாயாவைக் கழற்றிவிட்டு உலை வைக்கப் போனாள். அன்று மஃரிபுக்குப் பிறகு நீயும் போனில் கேட்டாய், அல்ஹம்துலில்லாஹ், நல்லாத்தானே கேட்குது என்று சொன்னாய். அவள் உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நான் திரைக்கு வெளியே இருந்தேன், என்னை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி போல மக்தலேனா மிஸ் வீடு பார்க்க வந்தார். ஆட்டம் எப்படி என்று கேட்டார், ரெண்டு நாளா இல்ல மிஸ் என்று ஸும்றா சொன்னாள். அவர் வயிற்றில் கை வைத்துப் பார்த்தார், தன்னிடம் இருந்த குழலை வைத்துக் கேட்டார், பிறகு என்னைப் பார்த்து, அண்ணனைக் கூப்பிடுவது போல, உடனே த்ரீவீல் ஒன்று எடுங்க நானா என்றார். நான் அப்போதும் மெஷினில் சத்தம் கேட்கிறதே மிஸ் என்றேன். அவர் கோபப்படவில்லை. மெஷினை வைக்கச் சொன்னார், சத்தம் வந்தது, என்னை உள்ளே கூப்பிட்டு, "மருமகள்ட கையப் புடிங்க நானா, நாடியில வெரல வைங்க" என்றார். வைத்தேன். மெஷினில் ஒரு அடி, என் விரலின் கீழ் ஒரு அடி, இரண்டும் ஒன்றாகவே விழுந்தன. எண்ணிப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. "இது புள்ளட இல்ல, இவட" என்றார் மிஸ். ஸும்றா என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பயத்தில் அவளுடைய நெஞ்சு வேகமாக அடித்ததைத்தான் நாம் மூன்று நாளும் பிள்ளை என்று கேட்டிருக்கிறோம், நீயும் அங்கே இருந்து கேட்டது அதைத்தான்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள், பிள்ளையின் நெஞ்சு நின்றுவிட்டிருந்தது. உம்மா சிலாபத்தில் இருந்து நேரே அங்கே வந்தாள். வலி வர மருந்து வைத்து, சனிக்கிழமை அஸர் நேரம் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை, இரண்டு கிலோவும் கொஞ்சமும், தலை நிறைய முடி. இதெல்லாம் உம்மா உனக்குச் சொல்லியிருப்பாள். ஞாயிறு காலையில் கபன் செய்து நம்முடைய மையவாடியில் தெற்கு மதிலோரம் அடக்கினோம், நான்தான் குழிக்குள் இறங்கி வாங்கினேன். டொக்டர் அம்மாவிடம் நான் தனியாகப் போய் வியாழக்கிழமை கொண்டு வந்திருந்தால் என்று கேட்டேன். எப்ப நின்றது என்று சொல்ல ஏலாது ஐயா, வந்திருந்தா பார்த்திருப்போம், காப்பாத்தியிருப்போம் என்றும் சொல்ல ஏலாது, இல்லையென்றும் சொல்ல ஏலாது என்றார். அவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

ஞாயிறு பின்னேரம் நீ போன் எடுத்தாய், உம்மா சத்தத்தைக் கூட்டி ஸும்றாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள், எல்லோருக்கும் கேட்டது. ரெண்டு நாளா ஆடல்லண்டா ஏன் நேரத்தோட போகல்ல, உனக்கு வாய் இல்லையா என்று நீ அவளிடம் கேட்டாய். அவள் என் பெயரைச் சொல்லியிருக்கலாம். நான் இரண்டு அடி தள்ளி நின்றேன், அவளும் என்னைப் பார்த்தாள். எனக்கு விளங்கல்ல என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை உம்மாவிடம் கொடுத்தாள். நானும் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து பன்னிரண்டு நாள், நீ உம்மாவோடுதான் பேசுகிறாய், ஸும்றாவைக் கேட்பதில்லை. அவளுக்கு மூன்றாம் நாள் பால் கட்டிக் காய்ச்சல் வந்தது, அதெல்லாம் நான் எழுதுகிற விஷயம் இல்லை, உம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள். நாற்பது நாள் முடிந்தால் சாச்சி வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். போனால் திரும்பி வருகிற போக்காக எனக்குத் தெரியவில்லை.

முந்தாநாள் உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டு முடிய எழும்பிப் போய்விட்டாள், இன்னும் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை, பிளேன்டீயை மட்டும் கொண்டுவந்து மேசையில் வைக்கிறாள். நேற்று ஸும்றாவிடமும், பிழை என்னுடையது மகள், றிஸ்மினுக்கு எழுதப் போகிறேன் என்றேன். "என்னத்துக்கு மாமா, அவர் தூரத்தில தனிய இரிக்கிறார், வாப்பாவையும் வெறுத்திட்டு எப்படி இரிப்பார்" என்று கேட்டாள். ஆனாலும் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு நஸ்லியாவுக்கு இப்போது ஆறு மாதம், அந்த மெஷினைக் கேட்டு வந்தாள், கொடுக்கவில்லை. ஆட்டம் குறைந்தால் அந்த நேரமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ, ஆர் என்ன சொன்னாலும் நிற்காதே, வாகனம் இல்லையென்றால் என்னைக் கூப்பிடு என்று சொல்லி அனுப்பினேன்.

நீ என்னோடு கோபப்படுவதென்றால் கோபப்படு, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். தண்ணீர் நிறையக் குடி, ஓவர்டைமைக் கொஞ்சம் குறை. அல்லாஹ் உனக்கும் ஸும்றாவுக்கும் பொறுமையைத் தந்து, உங்கள் இருவரையும் ஒரு வீட்டில் சேர்த்து வைக்கட்டும், என் துஆ எப்போதும் அதுதான். ஒன்றை மறந்துவிடாதே. அடக்கின அன்று பள்ளிவாசல் ஹஸ்ரத் பிள்ளைக்குப் பெயர் வைக்கலாம் என்றார், தகப்பன் அங்கே இருக்கிறார், கேட்டுச் சொல்கிறோம் என்று நான் சொன்னேன். ஸும்றா ஒரு பெயரை மனதில் வைத்திருக்கிறாள் என்று உம்மா சொல்கிறாள். அது என்ன என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அஸர் தொழுதுவிட்டு அவள் தனியாகத்தான் இருப்பாள், அந்த நேரம் போன் எடுத்து நீ கேள்.

இப்படிக்கு,
உன் வாப்பா
பதியுதீன்