அப்பாவின் காலுக்கு ஒரு சுவிட்ச்

இந்தியானா
செப்டம்பர் 3, செவ்வாய்

அன்புள்ள வெண்டலுக்கு,

அம்மா எழுதுவது. அலாஸ்காவில் குளிரும் மீனுமாகக் கிடந்தாலும் நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம், வீடு நலம், நீ விட்டுப்போன கிழட்டு நாய்கூட நலம். அப்பாவும் நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்யும்போதெல்லாம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், நான் வாய் திறக்க வழியில்லை, அதனால்தான் கடிதம். நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி.

ஹோலிஸ் இறந்ததை உனக்குச் சொன்னோம், சர்ச்சில் அப்பா கிட்டார் வாசிக்கப் பின்னால் முப்பது வருஷம் டிரம்ஸ் அடித்த மனுஷன். அடக்கத்தன்று நடந்ததை மட்டும் சொல்லவில்லை. அப்பா தனியாக ஒரு துதிப்பாட்டை மெதுவாக வாசிக்க வேண்டும் என்று ஹோலிஸின் மனைவி பெர்னிஸ் கேட்டிருந்தாள். அப்பாவின் ஆம்ப்ளிஃபையருக்கு இரண்டு குரல் என்பது உனக்குத் தெரியும், ஒன்று சாந்தமானது, இன்னொன்று அவர் மதுக்கடைகளில் வாசித்த காலத்து உறுமல். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவது தரையில் கிடக்கும் அந்தக் கறுப்புக் கால் சுவிட்ச். அதில் விளக்கு கிடையாது, மிதிக்கும்போது பாதத்தில் டக்கென்று பட்டால்தான் மாறியது தெரியும். அப்பா ஒருமுறை மிதித்தார், மாறவில்லை என்று நினைத்து மறுபடியும் மிதித்தார், சாந்தத்துக்கு மாறியிருந்தது திரும்ப உறுமலுக்கே போய்விட்டது. முதல் தந்தியைத் தட்டினாரோ இல்லையோ, சர்ச்சுக்குள் யாரோ மரம் அறுக்கிற மாதிரி ஒரு சத்தம். பெர்னிஸ் சவப்பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பின்வரிசையில் ஒருவன் சிரித்தான், அவன் யார் என்று எனக்குத் தெரியும், இனி அவன் முகத்தில் விழிக்க மாட்டேன். அப்பா ஆம்பை அணைத்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு சாப்பாட்டுக் கூடத்தில் பெர்னிஸ் தன் கையாலேயே ஹாம் சாண்ட்விச் கொண்டுவந்து கொடுத்து, "விடு ராய்ஸ், ஹோலிஸ் உயிரோட இருந்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பான்" என்றாள். அப்பா அதைத் தொடவில்லை. வீட்டுக்கு வந்து கிட்டாரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினவர் மூன்று வாரம் வெளியே எடுக்கவில்லை. நான் நச்சரித்துக் கேட்ட பிறகுதான், "மிதிச்சேனா இல்லையான்னே தெரியல நெல்டா, பாதம் மரத்துப்போயி ஒரு வருஷமாச்சு. சர்க்கரைக்காரனுக்கு இதெல்லாம் சகஜம், பையன்கிட்ட உளறி வைக்காத" என்றார்.

ஆம்ப் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் ஈயம் உருக்கிக் கம்பி பற்றவைத்தவள் நான், இதற்கா உட்கார்ந்து அழுவேன். கால் உணராவிட்டால் கண் பார்க்கட்டும் என்று ஓர் அலுமினியப் பெட்டி வாங்கி, கதவுக் கைப்பிடி அளவுக்குப் பெரிய பொத்தான் வைத்து, சாந்தத்துக்குப் பச்சை, உறுமலுக்குச் சிவப்பு என்று இரண்டு விளக்கு வைத்தேன். முதலில் சோம்பேறித்தனமாகப் பெட்டிக்குள் ஒரு பேட்டரியைப் போட்டு, பொத்தானை அமுக்கினால் விளக்கு மாறும்படி செய்துவிட்டேன். அப்பா மிதித்தார், பச்சை எரிந்தது, ஆம்ப் உறுமியது. குனிந்து பார்த்தால் பெட்டியிலிருந்து ஆம்புக்குப் போகும் கேபிள் பாதி கழன்று கிடக்கிறது. "இணைப்பே இல்ல, இதுபாட்டுக்குப் பச்சை காட்டுது பாரு. நல்லாப் புளுகுது உன் பெட்டி" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. கால் என்ன செய்தது என்பதை விளக்கு சொல்லக் கூடாது, ஆம்ப் என்ன செய்தது என்பதைச் சொல்ல வேண்டும், தொழிற்சாலையில் எங்கள் மேசையில் புதிதாகச் சேரும் பெண்ணுக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுப்பது அது. எல்லாவற்றையும் பிரித்தேன். ஆம்பின் பின்பலகையைக் கழற்றி, குரல் மாறுகிற இடத்திலிருந்தே தனிக் கம்பிகள் இழுத்து வந்து விளக்குகளில் சேர்த்தேன். உள்ளே குரல் மாறினால்தான் வெளியே விளக்கு மாறும்.

போன மாதம் இருபத்துநாலாம் தேதி, சனிக்கிழமை மத்தியானம், வெறும் காலுறையோடு உட்கார்ந்து மிதித்துப் பார்த்தார். பச்சை, சிவப்பு, பச்சை, சிவப்பு என்று இருபது தடவை மிதித்திருப்பார், சின்னப் பிள்ளை மாதிரி சிரிப்பு வேறு. "இது புளுகாது நெல்டா" என்றார். பச்சையில் நிறுத்திவிட்டு, ஹோலிஸுக்கு வாசிக்க முடியாமல் போன அந்தப் பாட்டை வாசித்தார். நான் சமையலறை வாசலில் நின்று அழுதேன். அவர் காலைத் தூக்கினபோதுதான் பெட்டியின் மேல் சிவப்பாக ஈரம் இருப்பதைப் பார்த்தேன். பொத்தானுக்குத் துளை போட்ட விளிம்பில் உலோகப் பிசிறு நின்றிருக்கிறது, அரம் போட மறந்துவிட்டேன். இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாளும் மறக்காதவள் அன்றைக்கு மறந்திருக்கிறேன். அவர் கால் கிழிந்து ரத்தம் வழிகிறது, அவர் பச்சை விளக்கைப் பார்த்து வாசித்துக்கொண்டிருக்கிறார். காலுறையைக் கழற்றினேன். என் பிசிறு கிழித்தது சின்னக் கீறல்தான். அதற்குப் பக்கத்தில் இரண்டு விரல் கறுத்துப்போய், பஞ்சு வைத்து டேப் ஒட்டியிருந்தது. மாதக்கணக்காகக் கராஜுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தானே கட்டுப் போட்டிருக்கிறார், கூடவே படுத்து எழும் எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி அந்த இரண்டு விரலையும் எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் பாதமே போகும் என்றார். அங்கே நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு, டிரக்கில் ஏறியதும், "எங்கப்பாவுக்கும் ரெண்டு விரல்னுதான் ஆரம்பிச்சாங்க, முட்டிவரைக்கும் போச்சு. நான் போகமாட்டேன்" என்றார். நேற்று முன்தினம் நீ கேட்டபோது "கல்லு மாதிரி இருக்கேன்டா" என்று சொன்னாரே, அப்போது அந்தக் கால் என் மடியில் இருந்தது, நான் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். அந்தப் பேட்டரி விளக்குதான் எனக்கு ஞாபகம் வந்தது.

வெண்டல், எனக்குப் பயமாக இருக்கிறது. நான் சொன்னால் அவருக்கு நச்சரிப்பு, நீ எதிரில் நின்று சொன்னால் கேட்பார். மீன் சீசன் முடியவில்லை என்று தெரியும், உன்னைத் தொந்தரவு செய்யக் கூடாது என்றுதான் அவரும் மறைக்கிறார். மீன் அடுத்த வருஷமும் வரும். பத்தொன்பதுக்கு முன்னால் நீ வர வேண்டும். அவர் மேல் கோபப்படாதே, வந்ததும் முதலில் காலுறையைக் கழற்றச் சொல், பேச்செல்லாம் அதற்குப் பிறகு. பெட்டிக்கு அரம் போட்டுவிட்டேன், இப்போது விரலால் தடவினால் வழவழவென்று இருக்கிறது. பெர்னிஸ் அக்டோபரில் கல்லறைக்குக் கல் நடுகிறாள், அன்றைக்கு அப்பா வாசிக்க வேண்டும் என்று மறுபடியும் கேட்டிருக்கிறாள். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

கடவுள் உன்னைக் கடலிலும் கரையிலும் காப்பாற்றட்டும். ஈரக் காலுறையோடு படுக்காதே, உனக்கும் அவர் ரத்தம்தான். ஒன்றை மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை போனில் "வரப் பாக்கறேம்மா" என்று சொல்லாதே, அதைக் கேட்டு நான் நிம்மதியாக இருந்துவிடுவேன். டிக்கெட் எடு, எடுத்த பிறகு கூப்பிடு.

உன் வழி பார்த்திருக்கும்
அம்மா, நெல்டா