மூன்றாவது இறக்கைக்குப் போட்ட டிக்

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுவது. அப்பா சௌக்கியம், அவர் முட்டிவலியும் சௌக்கியம், இரண்டும் சேர்ந்தேதான் நடக்கின்றன. உன் தங்கை வாலு பரீட்சையில் எப்படியோ தேறிவிட்டாள். நான்தான் சரியில்லை. புயலுக்குப் பிறகு மூன்று நாளாக உன் போன் கிடைக்கவில்லை. உன் ஆபீசில் கேட்டால், கடலுக்குள்ள சிக்னல் போயிடுச்சும்மா, தபால் பை மட்டும் படகுல போகும் என்கிறாள் அங்கிருக்கும் பெண். நான் சொன்னதைக் குறித்துக்கொண்டாளாம். மனசு கேட்கவில்லை, அதனால் நானே எழுதுகிறேன். முதலில் இதைப் படி, நீ பழுது பார்க்கிற அந்தக் கடல் காற்றாலையின் மூன்றாவது இறக்கைக்குள் நுழையாதே.

என் வேலை உனக்குத் தெரியும். இறக்கை அச்சில் கண்ணாடித் துணியை அடுக்கடுக்காக விரித்து, நடுவே தலைமுடி கனத்தில் ஓர் இழையைப் படுக்கவைத்து, பிசின் ஏற்றி இறுகவிடுவோம். இறக்கை எங்கே எவ்வளவு இழுபடுகிறது என்பதை அந்த இழைக்குள் ஓடும் வெளிச்சம் காட்டிக்கொடுக்கும். பிசின் ஏற்றும் முன் ஒரு முனையில் சிவப்பு விளக்கைப் பிடித்து, மறுமுனையில் வெளிச்சம் வருகிறதா என்று பார்த்துத்தான் தாளில் டிக் போட வேண்டும். போன வருஷம் வேலை கிடைத்துவிட்டது என்று நீ கூப்பிட்டாயே, அந்த மத்தியானம் நான் பார்க்கவில்லையடி. ஒரு கையில் போன், ஒரு கையில் பேனா, சந்தோஷத்தில் டிக் போட்டுவிட்டேன். அக்கா கை வைத்தால் சரியாக இருக்கும் என்று அடுத்துச் சோதிக்கிறவரும் விட்டுவிட்டார்.

நேற்று கம்ப்யூட்டர் பார்க்கிற தம்பி புயலன்று உன் காற்றாலையிலிருந்து வந்த கோடுகளைத் திரையில் காட்டினான். இரண்டு இறக்கைகளின் கோடுகள் தாறுமாறாகத் துள்ளுகின்றன, மூன்றாவது கோடு அசையவே இல்லை. உங்க இறக்கை அசைஞ்சே குடுக்கலக்கா என்று எல்லாரும் கை தட்டினார்கள். நான் கை தட்டவில்லை. அத்தனை காற்றில் அசையாத இறக்கை எங்கேயாவது உண்டா? இழை ஒடிந்திருக்கிறது, திரை வெறும் பூஜ்யத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. தாளை எடுத்துப் பார்த்தால் என் கையெழுத்து. இறக்கை நன்றாகவே இருக்கலாம், உள்ளே பிளந்தும் கிடக்கலாம், ஒருத்தருக்கும் தெரியாது. திரையில் அதுதான் பத்திரமாகத் தெரிகிறது, அதனால் புயல் சேதம் பார்க்க முதலில் அதற்குள்தான் உன்னை அனுப்புவார்கள். ராத்திரி முழுக்க இதே நினைப்பு, சோறு இறங்கவில்லை.

காலையில் சூப்பர்வைசரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மனுஷனுக்கு முகம் வெளுத்துவிட்டது. தெரிஞ்சுதான் சொல்றீங்களாம்மா, வேலை போயிடும் என்றார். போனால் போகட்டும், நீ இருந்தால் போதும். அவர் அனுப்பும் தகவல் முந்துமோ இந்தப் படகு முந்துமோ தெரியவில்லை. உன் மேலதிகாரி கோபித்தாலும் அம்மா பைத்தியம் என்று சொல்லிக்கொள், உள்ளே மட்டும் போகாதே. வெறும் வயிற்றில் ஏறாதே.

நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், அப்பாவும் அதையேதான் சொல்கிறார். கீழே ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். அதில் டிக் போட்டு, வருகிற படகிலேயே திருப்பி அனுப்பு. என்னைப் போல் பார்க்காமல் போட்டுவிடாதே.

இப்படிக்கு,
பயந்துபோயிருக்கும் உன் அம்மா

மூன்றாவதற்குள் போகவில்லை [   ]