பேத்தை மீனுக்குப் பல் வளர்ந்தபோது

காலையில் கடைவாய்ப் பல் குடைந்தது. என் மனைவி பஞ்சில் கிராம்பு எண்ணெயை நனைத்துக் கொடுத்தாள். மூடியைத் திறந்ததுமே அந்த வாசனையோடு உன் நினைவு வந்துவிட்டது. பல்வலியைவிட அதுதான் தாங்கவில்லை. பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு உன் கண்ணாடித் தொட்டியின் முன் உட்கார்ந்திருக்கிறேன்.

ஓசூரில் கடல் மீன் வளர்க்கப் போவதாக நீ சொன்னபோது ஷிப்டில் எல்லோரும் சிரித்தோம். தூத்துக்குடிக்காரனுக்குக் கடலை விட்டு இருக்க முடியவில்லை என்றார்கள். கடல் மீன் தொட்டிக்கென்றே விற்கும் உப்பை பெங்களூரிலிருந்து வாளியோடு பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாய். தண்ணீரில் கலந்து, தொட்டி பக்குவப்படட்டும் என்று ஒரு மாதம் மீன் விடாமல் வெறும் தண்ணீரையே ஓடவிட்டாய். அப்புறம் வாங்கி வந்தது ஒரு பேத்தை மீன். "ஏல, எங்க ஊர்ல வலையில வந்தா, விஷம்னு கரையிலேயே எறிஞ்சிருவாவ. நான் வளக்குதேன்" என்றாய். கோபம் வந்தால் உப்பிப் பந்தாகிவிடும் என்பதால் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தாய்.

வந்தபோதே மேனேஜருக்குப் பல் நீண்டிருந்தது. கடையில் மெத்தென்ற தீனியாகவே போட்டிருக்கிறார்கள். இதற்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும், நத்தை ஓட்டைக் கடித்தால்தான் தேயும் என்று நீ விளக்கினாய். கிண்ணத்தில் தொட்டித் தண்ணீரை எடுத்து, ஒரு சொட்டுக் கிராம்பு எண்ணெய் கலந்து, மீன் மயங்கியதும் தண்ணீருக்குள்ளேயே பிடித்து நகவெட்டியால் பல்லைக் கத்தரித்தாய். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஞாயிறுதோறும் தளிப் பக்கம் நத்தை பொறுக்கப் போனோம். யாராவது கன்னடத்தில் விசாரித்தால், மேனேஜருக்குச் சாப்பாடு என்று அவர்கள் பாஷையிலேயே "மேனேஜர்க்கு ஊட்டா" என்பாய்.

அந்த மழைக்காலத்தில்தான் கேன்டீனில் நீ சப்பாத்தியைத் தள்ளிவைக்க ஆரம்பித்தாய். "பசிக்கல, நீ சாப்பிடுல" என்பாய். சாம்பாரில் ஊறிய இட்லியைக்கூடப் பாதியில் விட்டாய். "ஏன்டா, எங்க ஊரு சாப்பாடு துரைக்கு எறங்கலயா?" என்று கிண்டல் செய்தேன். நீ வாயைச் சரியாகத் திறக்காமலே சிரித்தாய். மூன்று மாதம் இப்படியே போனது. கன்னத்துக்குள் புற்று, முற்றிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

பொங்கலுக்கு முன்பே நீ போய்விட்டாய். மேனேஜர் தொட்டியோடு என் வீட்டுக்கு வந்தான். உன்னைப் பறிகொடுத்த பிள்ளையாயிற்றே என்று இறாலின் ஓட்டை உரித்து, பொடியாக நறுக்கிப் போட்டேன். நீ சொன்னதெல்லாம் அந்தத் துக்கத்தில் மறந்தே போனது. சில மாதம் கழித்து ஒருநாள் தீனிக்கு ஓடி வந்தான், அருகில் நின்று பார்த்தான், திரும்பிவிட்டான். அடுத்த நாளும் அப்படியே.

"அந்தண்ணன் நெனப்புல சாப்புட மாட்டேங்குதுங்க, பாவம்" என்றாள் என் மனைவி. நானும் நம்பினேன். ஐந்தாம் நாள் கண்ணாடியில் நெற்றியை ஒட்டவைத்துக்கொண்டு பார்த்தேன். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் வளர்ந்து வாயை அடைத்திருந்தன. அவனுக்குப் பசி இருந்திருக்கிறது. கடிக்கத்தான் முடியவில்லை.

கிராம்பு எண்ணெய் வாங்க ஓடினேன். என் மனைவி கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ள, நீ செய்த மாதிரியே ஒவ்வொன்றாகச் செய்தேன். மறுநாள் நத்தையைப் போட்டதும் 'டக்' என்று ஓடு உடைந்தது. அவள் கைதட்டினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐந்து நாளில் ஒரு மீனின் வாயைப் பார்க்கத் தெரிந்தவன், மூன்று மாதம் உன் எதிரில் உட்கார்ந்து வயிறு முட்டச் சாப்பிட்டேனேடா.

மேனேஜர் நன்றாக இருக்கிறான். கேன்டீனில் இப்போது யார் தட்டைத் தள்ளிவைத்தாலும் நான் விடுவதில்லை. "எங்க, வாயத் தொற, பாக்கலாம்" என்கிறேன். எனக்கு மறை கழன்றுவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். உன்னிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்க வேண்டியதை, நாள் தவறாமல் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருக்கிறேன்.