ஓட்டாண்டி ஓட்டைத் திறக்கவில்லை

பாப்பா,

சோறும் முட்டையும் மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிச் சாப்பிடு. மதியம் அத்தை வருவாள். எனக்குத் திறக்காவிட்டாலும் அவளுக்காவது கதவைத் திற.

உன் டேப்லெட் மேஜைமேல் இருக்கிறது. "எந்நேரமும் இந்தப் பூதச் சண்டைதானா?" என்று கத்திப் பிடுங்கி பீரோவில் வைத்தவன் நான்தான். நேற்று திருப்பித் தரலாம் என்று எடுத்துப் பார்த்தால், விளையாட்டில் நீ வளர்க்கும் சிப்பிப் பூதம், அந்த ஓட்டாண்டி, ஓட்டை இறுக்க மூடிக்கொண்டு கிடக்கிறது. பட்டினி போட்டால் அப்படித்தான் மூடிக்கொள்ளுமாம். பாசி போட்டேன், உப்புத் தண்ணீர் விட்டேன். ம்ஹூம். ரோஷம் வந்தாலாவது திறக்கும் என்று ஒரு நண்டுப் பூதத்தோடு மோதவிட்டேன். மொத்த அடியையும் வாங்கிக்கொண்டு பேசாமல் கிடந்தது. பார்க்க மனசு கேட்கவில்லை. தோற்றதாக ஒப்புக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

யார் வீட்டுப் பூட்டு மக்கர் பண்ணினாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். இப்போதும் ஒரு பூட்டைத் திறக்கத்தான் கிளம்புகிறேன்.

அப்பா

அத்தையிடம் நம் சண்டையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

இன்னொன்று. உன் அறைப் பூட்டு நான் மாட்டியது. ஒரு கம்பி போதும். காலையில் கம்பியோடு வந்து நின்றேன். உள்ளே நீ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. கம்பியைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன்.

ஓட்டாண்டிக்கு நீ குரல் கொடுத்துப் பார். திறந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்.