நாலு கேள்வியில் ஒரு வீடு

ஐப்பசி 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். விறகு நனைந்துவிட்டது. பாதியை உள்ளே எடுத்துப் போட்டேன்.

திருப்பூரிலிருந்து மகள் செல்வி போனில் ஒரு லிங்க் அனுப்பியிருக்கிறாள். வீடு, மனை பார்த்துக் கொடுக்கும் ஆபீஸாம், பெரம்பலூரில். அரியலூர் வீடுகளும் உண்டு. வெப்சைட்டை இப்போது எளிமையாக மாற்றிவிட்டார்களாம். முழுக்கத் தமிழ். எழுத்து பெரியது. "நீயே படிச்சுப் பாருப்பா. எதுக்கெடுத்தாலும் என்னைக் கூப்புடாத" என்றாள்.

படித்தேன். போன வருடம் வரை பஸ் போர்டு படிக்கத் தெரியாது எனக்கு. மாலை வகுப்பு டீச்சர் பார்த்திருக்க வேண்டும்.

நாலு கேள்வி.
எந்த ஊர்?
வாடகையா, விலைக்கா?
எத்தனை அறை?
எவ்வளவு வரை?

அவ்வளவுதான். கீழே தள்ளிப் பார்த்தேன். மறுபடி மேலே. ஐந்தாவதாக ஒரு கேள்வி இருக்கும் என்று தேடினேன். இல்லை.

எங்கள் பக்கத்துப் புரோக்கர் வண்டியில் ஏற்றும்போதே கேட்டுவிடுவான், "நீங்க எந்தத் தெருங்க?" தெருவைக் கேட்டால் சாதியைக் கேட்கிறான் என்று பொருள். பதில் சொன்னதும் வண்டி வேறு பக்கம் திரும்பும். ஓடை ஓரத்தில் ஒன்று காட்டுவான். பிடித்தால் பிடி, இல்லாவிட்டால் போ. வீடு தேடுகிறவனிடம் தெருவைக் கேட்காத ஒன்றை இன்றுதான் பார்க்கிறேன்.

அரியலூர் என்று அழுத்தினேன். வீடு வீடாக வந்தது. சமையல்கட்டு, படுக்கையறை, கக்கூஸ், எல்லாம் படமாக. எத்தனை வீட்டுக்குக் கலவை சுமந்திருப்பேன். பால் காய்ச்சிக் குடிபோய்விட்டால் அப்புறம் எனக்கு வாசலோடு சரி. இன்று சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தெருவையே உள்ளே புகுந்து பார்த்துவிட்டேன். ஒரு வீட்டில் அடுப்பு மேடை பச்சைக் கல். என்ன பளபளப்பு!

வீடு பூங்காவனத்துக்காக. என் மனைவி. சிறுநீரகம் கெட்டுவிட்டது. திங்களும் வியாழனும் அரியலூர் ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். குன்னத்திலிருந்து பஸ். போகும்போது பேசிக்கொண்டே வருவாள். திரும்பும்போது துணி மாதிரித் துவண்டு கிடப்பாள். ஆஸ்பத்திரி பக்கத்தில் வீடு கிடைத்தால் பஸ்ஸே வேண்டாம்.

பூங்காவனம் என்று முழுதாக எழுதக் கை வலிக்கிறது. இனி பூ.

ஐப்பசி 5, புதன்

வெயில். விறகு காய்கிறது.

நாலு கேள்விக்கும் பதில் கொடுத்தால் கட்டம் கட்டமாக இன்னொரு பக்கம் வருகிறது. தரைத்தளம். மாடி. தனி வீடு. கார் நிறுத்த இடம். தோட்டம். ஏசி. இன்னும் என்னென்னவோ. ஒவ்வொன்றையும் எழுத்துக் கூட்டிப் படித்து எல்லாவற்றுக்கும் டிக் போட்டேன். எது கொடுத்தாலும் எங்களுக்குச் சம்மதம் என்று அவர்களுக்குத் தெரியட்டுமே.

"0 வீடுகள்" என்று வந்தது.

திரும்பவும் போட்டேன். மறுபடி 0. வெப்சைட்டுக்கும் தெரு தெரிந்துவிட்டதோ என்று ஒரு பயம் வந்தது.

கீழே போன் நம்பர். அடித்தேன். ஒரு பெண் எடுத்தாள். பேர் பர்வீனாம். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டாள்.

"ஐயா, கார் வச்சிருக்கீங்களா?"

"சைக்கிள்தாம்மா."

"அப்புறம் ஏன் கார் நிறுத்த இடத்துக்கு டிக் போட்டீங்க?"

"இருந்தாலும் பரவால்லைன்னு."

அவள் சிரித்துவிட்டாள். மட்டம் தட்டுகிற சிரிப்பு இல்லை. "டிக் போட்டா பரவால்லைன்னு அர்த்தம் இல்லீங்க ஐயா. வேணும்னு அர்த்தம். தரைத்தளமும் வேணும் மாடியும் வேணும், காரும் வேணும் தோட்டமும் வேணும்னா, அரண்மனைதான் தேடணும். உங்களுக்கு எது வேணுமோ அதுக்கு மட்டும் போடுங்க."

போனை வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு என்ன வேண்டும்? யாரும் இப்படிக் கேட்டதில்லை. கொடுத்ததை வாங்கித்தான் பழக்கம்.

பூவிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏசி கேட்டியா? யோவ், ஏசி கேட்டியா நீ?" பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள்.

படி ஏறக் கூடாது. நாற்காலி மாதிரி கக்கூஸ். குழாய் வீட்டுக்குள்ளேயே. ஆஸ்பத்திரிக்கு நடக்கிற தூரம்.

"அவ்வளவுதானா?"

"நீ கேட்டதுக்கே மயக்கம் வருது. போதும்."

டிக் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். "2 வீடுகள்".

இரண்டு! நாங்கள் கேட்ட மாதிரியே இரண்டு வீடு அரியலூரில் நின்றுகொண்டிருக்கிறது. இத்தனை நாளும் நின்றிருக்கிறது.

ஐப்பசி 6, வியாழன்

ஆஸ்பத்திரி நாள். போகிற வழியில் நல்ல மழை. பஸ்ஸில் இரண்டு பெண்கள்:

"என் மருமவ போன்லயே புடவை எடுக்குறா."

"எடுத்து?"

"திருப்பி அனுப்புறா. அதான் அவளுக்கு வேலை."

பூவைப் படுக்கவைத்த பிறகு வராந்தாவுக்கு வந்து முதல் வீட்டுக்கு போன் செய்தேன். வீட்டுக்காரர் மரியாதையாகப் பேசினார். தண்ணீர் நல்லா வரும் என்றார். வந்து பாருங்க என்றார். அப்புறம், "எந்த ஊரு நீங்க?" குன்னம் என்றேன். "குன்னத்துல எந்தத் தெரு?"

சொன்னேன்.

"ஒரு நிமிசங்க." யாரிடமோ பேசினார். "அட, வீடு நேத்தே முடிஞ்சுபோச்சாம். எனக்குத் தெரியலை. வேற பாருங்க."

திரும்பி வரும்போது பூவுக்கு உடம்பு சரியில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்த கை நழுவிக்கொண்டே இருந்தது. கண்டக்டர், "அம்மாவத் தாங்கிப் புடிங்க பெரியவரே" என்றார். இறங்கும்போது இரண்டு பேர் தூக்கித்தான் விட்டார்கள்.

அவள் தூங்கிய பிறகு போனைத் திறந்தேன். அந்த வீடு அங்கேயே இருக்கிறது. பச்சை எழுத்தில் "காலியாக உள்ளது".

ஐப்பசி 7, வெள்ளி

காலையில் பார்த்தேன். காலியாக உள்ளது.
மத்தியானம். காலியாக உள்ளது.

முன்பெல்லாம் முடிந்துவிட்டது என்று சொன்னால் அப்படியே நம்பித் திரும்பிவிடுவேன். இன்று படிக்கத் தெரிகிறது. தெரியாமலே இருந்திருக்கலாமோ என்று தோன்றியது. அப்புறம் அந்த எண்ணம் போய்விட்டது. பச்சை எழுத்தை இன்னொரு முறை படித்தேன். கா, லி, யா, க. ஒரு எழுத்தும் பொய் சொல்லவில்லை.

பர்வீனுக்கு போன் செய்தேன். "முடிஞ்சுபோன வீட்டை ஏம்மா காலின்னு போட்டிருக்கீங்க?" என்றேன். நடந்ததைச் சொன்னேன்.

"எங்களுக்கும் இதே கதைதாங்க ஐயா. பேரைச் சொன்னதும் வீடு முடிஞ்சுடும்" என்றாள். "பழைய வெப்சைட்ல இருபது கேள்வி இருந்துச்சு. சைவம் மட்டுமா, என்ன ஆளுங்கன்னு எல்லாம். ஆளுங்க பாதியிலேயே மூடிட்டுப் போயிடுவாங்க. எளிசாக்கணும்னு முதலாளி சொன்னாரா, நான் முதல்ல தூக்குனது அந்த ரெண்டு கேள்வியத்தான். ஒருத்தரும் ஏன்னு கேக்கலை."

ஐந்தாவது கேள்வி தானாக இல்லாமல் போகவில்லை. ஒரு பெண் உட்கார்ந்து எடுத்திருக்கிறாள்.

"சரிங்க ஐயா. முடிஞ்ச வீட்டைக் காலின்னு காட்டக் கூடாது. எடுத்துடுறேன்."

கஞ்சி குடித்துவிட்டுப் பார்த்தேன். "1 வீடு". ஒரு வீட்டையே காணோம்! சுவர், கூரை, பச்சை எழுத்து, ஒன்றும் இல்லை. உடம்பு சிலிர்த்துவிட்டது.

ஐப்பசி 8, சனி

மேகமூட்டம்.

பர்வீனே கூப்பிட்டாள். பேசுவதற்கு முன்பே சிரிப்பு. அந்த வீட்டுக்காரர் ஆபீஸுக்கு போன் செய்து சத்தம் போட்டாராம், என் வீட்டை ஏன் எடுத்தீங்க என்று. "நேத்தே முடிஞ்சுடுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க சார்? வந்த ஆளுகிட்ட சொல்லியிருக்கீங்களே" என்றாளாம். கடைசியில், "திங்கக்கிழமை திரும்பப் போடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம்.

பூவுக்கு இதை மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. நேற்றிலிருந்து சாப்பிடாதவள் அரை இட்லி சாப்பிட்டாள்.

மிச்சமிருக்கும் ஒரு வீட்டைப் பற்றி பர்வீனைக் கேட்டேன். "போன் வேணாம் ஐயா. ரெண்டு பேரும் நேர்ல போங்க. மூஞ்சியப் பாத்து இல்லேன்னு சொல்றது கொஞ்சம் கஷ்டம்." பிறகு மெதுவாக, "அதுவும் இல்லேன்னா இப்போதைக்கு எங்கிட்ட வேற இல்லீங்க" என்றாள்.

ஐப்பசி 10, திங்கள்

மழை இல்லை. ஆஸ்பத்திரி முடிந்து ஆட்டோவில் போனோம். பூவுக்குக் கையில் கட்டு, நடை தள்ளாட்டம். நான் போகும் வழியெல்லாம், "நீ பேசாத, நான் பேசுறேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

படத்தில் பார்த்த அதே நீலக் கதவு. தெருவில் நிஜமாக நிற்கிறது! தொட்டுப் பார்த்தேன்.

பக்கத்துப் போர்ஷனில் மாவு அரைத்து விற்கும் ஒரு அம்மாள். அவர்தான் வீட்டுக்காரர். கை முழுக்க மாவு. பூவின் கட்டைப் பார்த்து என்ன என்று கேட்டார். பூ சொன்னாள்.

"எந்த ஊரு?"

"குன்னங்க" என்றேன்.

"குன்னத்துல..."

பூ முந்திக்கொண்டாள். "காலனிங்க. இவரு சித்தாள் வேலை, மூட்டை தூக்குற வேலை. இப்ப படிச்ச ஆளு, போன வருசத்திலேர்ந்து. வீடு தருவீங்களா மாட்டீங்களான்னு இப்பவே சொல்லிடுங்க. என்னால இன்னொரு தெரு நடக்க முடியாது."

உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் கையில் இருந்த மாவை வழித்து வழித்துப் பாத்திரத்தில் போட்டார். வழிக்க ஒன்றும் இல்லாத பிறகும் வழித்தார். நான் தெருவைப் பார்த்தேன், ஆட்டோ போய்விட்டதா என்று.

"இந்தச் சத்தம் விடியறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடும்" என்றார். "முன்ன இருந்தவங்க அதனாலதான் போனாங்க. நாளைக்கு வந்து தூக்கம் போச்சுன்னு எங்கிட்ட நிக்கக் கூடாது."

"நான் எங்க தூங்குறேன்" என்றாள் பூ.

சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். என் கையில் இல்லை.

பூ உள்ளே போனாள். நான் வாசலிலேயே நின்றேன். பழக்கம். உள்ளேயிருந்து அவள் குரல்: "செவுரு என்ன இப்புடி இருக்கு? வெள்ளை அடிச்சுக் குடுங்க."

எனக்கு உயிரே போய்விட்டது. கிடைத்த வீட்டைக் கெடுக்கிறாளே.

"வர்றதுக்கு முன்னாடியே வேலை சொல்லுறியே!"

"வேணுங்கிறத முன்னாடியேதான கேக்கணும்?"

"அடுப்பங்கரை மட்டும் அடிச்சுத் தாரேன்."

"கூடமும்."

"கூடத்துக்குப் பெயின்ட் நீ வாங்கு. ஆளு நான் விடுறேன்."

"பெயின்டும் நீங்கதான்."

இப்படியே இரண்டு பேரும். பஸ்ஸில் துவண்டு கிடப்பவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். அந்த அம்மாளும் விட்டுக்கொடுக்கவில்லை. எந்த வாடகைக்காரியிடமும் போடுகிற சண்டையை எங்களிடம் போடுகிறார். கேட்டுக்கொண்டே இருந்தேன். இன்னும் கொஞ்ச நேரம் போடட்டும் என்று இருந்தது.

"யோவ், என்ன சிலை மாதிரி நிக்கிற? உள்ள வா. பீரோவை எங்க வெக்கிறதுன்னு பாரு."

செருப்பைக் கழற்றினேன்.

ஐப்பசி 11, செவ்வாய்

லேசான தூறல். சாமான் கட்டுகிறோம். கயிறு போதவில்லை. வாங்க வேண்டும்.

பீரோ ஜன்னல் ஓரம் என்கிறாள் பூ. வெளிச்சத்தை மறைக்கும் என்கிறேன். மறைக்காது என்கிறாள். போனில் படத்தைத் திறந்து காட்டினேன். படத்தில் எதிர்ச் சுவர் நல்ல அகலம். "படத்துல எல்லாம் அகலமாத்தான் தெரியும்" என்கிறாள். மத்தியானத்திலிருந்து இதே பேச்சு. இன்னும் முடிவாகவில்லை.