பதினாறு மணி

ஜபல்பூர், 7.10.1958

அன்பு வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான் சுகம். உம்மாவின் முட்டுவலி இப்போது எப்படி இருக்கிறது?

பட்டாளத்தில் மதியம் ஒரு மணியைப் பதிமூன்று மணி என்பார்கள். லீவுக் கையெழுத்துக்குப் பதினாறு மணிக்கு வரச் சொன்னார்கள். நான் பத்தைக் கழித்துவிட்டு மாலை ஆறு மணிக்குப் போனேன். ஆபீஸ் பூட்டியிருந்தது. தங்கை சாலிஹாவின் நிக்காஹ்வுக்கு வர முடியாதோ என்று பதறிவிட்டேன். ஆர்.எஸ்.மங்கலத்துக்காரர் ஹவில்தார் வீரபத்திரன், "ஏலே, பன்னண்டையில்ல கழிக்கணும்!" என்று சிரித்தார். மறுநாள் காலையிலேயே கையெழுத்து வாங்கித் தந்தார். அல்ஹம்துலில்லாஹ்.

இருபதாம் தேதி மாலை நான்கு மணிக்கு ராமநாதபுரம் ஸ்டேஷனில் இறங்குவேன். உம்மா பொரித்த நெத்திலி கொஞ்சம் கொண்டு வாருங்கள். வீடு வரை பொறுக்க முடியாது. தபால் பையைக் கட்டுகிறார்கள், முடிக்கிறேன்.

உங்கள் மகன்,
சுஐபு

பி.கு.: வண்டி நேரத்தை நானேதான் கணக்குப் போட்டேன். எதற்கும் ஆறு மணி வரை நின்று பாருங்கள்.